அழித்தேன்... ஆனால் இடம் எங்கே?

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை மாணவர் ஒருவர்)



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். பத்து லட்சம் ரெக்கார்டு உள்ள ஒரு டேபிள். அதில் ஒன்று விட்டு ஒன்றாக ஐந்து லட்சம் ரெக்கார்டை டெலிட் செய்கிறீர்கள். டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியாகும்?

"இதென்ன கேள்வி? பாதி இடம்!" என்று சொன்னீர்களானால் நீங்களும் என் கட்சி. 2024 மே மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டி.பி.எம்.எஸ். பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன்தான் நான். நார்மலைசேஷன் என்றால் என்ன, பிரைமரி கீ என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இந்தக் கேள்விக்குச் சரியான விடை எனக்குத் தெரியாது. சரியான விடை: பூஜ்யம்! ஒரு பைட் கூடக் காலியாகாது.

அது தெரியாமல் போனதால் ஒரு மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே என் கருத்து ஒன்றும் உண்டு. ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

நடந்தது இதுதான்

தவணை முறையில் வீட்டுச் சாமான், தையல் மெஷின், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் விற்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு வாரம் இன்-பிளான்ட் டிரெய்னிங். பெயர் வேண்டாம். பல ஊர்களில் கிளை. எல்லாக் கிளை வசூலும் ஒரே சர்வரில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏறும். சர்வரில் 120 ஜிபி டிஸ்க். நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அதில் மிச்சம் இருந்தது 3 ஜிபி.

சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்த சார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வசூல் டேபிள்தான் 14 ஜிபி அடைச்சுக்கிட்டு இருக்கு. கணக்கு முடிஞ்ச பார்ட்டி எல்லாரையும் தூக்கிடு. எடம் வந்துடும்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். வந்த மூன்றாம் நாளே நம்மை நம்பி வேலை தருகிறாரே! டெலிட் கட்டளையை அடித்தேன். 40 லட்சம் ரெக்கார்டு போயிற்று. பெருமையோடு டிஸ்க்கைப் பார்த்தேன். மிச்சம் 3 ஜிபி இருந்தது, இரண்டரை ஜிபி ஆகியிருந்தது! அழித்ததால் இடம் கூடவில்லை; குறைந்துவிட்டது.

பயந்துபோய்த் தேடியதில் "வாக்யூம் ஃபுல்" என்று ஒரு கட்டளை கிடைத்தது. இடத்தை மீட்டுத் தரும் என்று போட்டிருந்தது. காலை பதினொன்றரை மணி. அடித்தேன். அவ்வளவுதான், எல்லாக் கிளையிலும் கவுண்டர் நின்றுவிட்டது. பணம் கட்ட வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ரசீது வரவில்லை. போன் மேல் போன். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கட்டளையும் "டிஸ்க்கில் இடம் இல்லை" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனது. நல்லவேளை, பழைய டேபிள் அப்படியே இருந்தது. கவுண்டர் மறுபடி ஓடியது. "டிப்ளமோ பையன் சிஸ்டத்தைக் கெடுத்துட்டான்" என்ற பேச்சும் சேர்ந்து ஓடியது.

அன்றிரவு சார் ஒரு வழி கண்டுபிடித்தார். அதே டிஸ்க்கில் பழைய பேக்-அப் ஃபைல்கள் சில கிடந்தன. அவற்றை அழித்தோம். இடம் கிடைத்தது. மறுபடி வாக்யூம் ஃபுல். இந்தத் தடவை ஜெயித்தது. 14 ஜிபி டேபிள் 4 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. எல்லோருக்கும் டீ, பஜ்ஜி!

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், ஏன் இடம் வரவில்லை?

துண்டு போட்ட ஸீட்

நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு ஸீட் பிடிப்பார்கள் அல்லவா? ஒருவர் துண்டு போட்ட ஸீட்டில் உட்கார்ந்து வந்து, வழியில் இறங்கிப் போய்விட்டார், துண்டை மட்டும் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸீட்டில் ஆள் இல்லை. ஆனால் துண்டு இருக்கிறதே, யார் உட்காருவார்கள்? போஸ்ட்கிரெஸில் டெலிட் என்பது இதுதான். ரெக்கார்டு "இறங்கிவிட்டது" என்று ஒரு குறி மட்டும் விழும். ரெக்கார்டு 8 கேபி அளவுள்ள அதன் பக்கத்திலேயே படுத்திருக்கும். இதற்குச் செத்த ரெக்கார்டு என்று பெயர்.

அப்டேட் இன்னும் மோசம். பழைய ரெக்கார்டின் மேல் புதியதை எழுதுவது கிடையாது. புதிதாக இன்னொரு ரெக்கார்டு எழுதப்படும். பழையது செத்த ரெக்கார்டாகக் கிடக்கும். ஸீட் மாறி உட்காரும் ஆசாமி ஒவ்வொரு ஸீட்டிலும் ஒரு துண்டை விட்டுவிட்டுப் போகிற மாதிரி.

"ஏனப்பா இந்தக் கிறுக்குத்தனம்?" என்று கேட்பீர்கள். கிறுக்குத்தனம் இல்லை, காரணம் இருக்கிறது. நான் அழிக்கும் அதே நேரத்தில் மானேஜர் பெரிய ரிப்போர்ட் ஒன்று ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவர் ஆரம்பித்த நேரத்தில் இருந்த கணக்குதான் அவருக்கு முழுசாகத் தெரிய வேண்டும். பாதி பழசு, பாதி புதுசு என்று கூட்டினால் டோட்டல் தப்பும். படிப்பவர் எழுதுபவரைத் தடுக்கக் கூடாது, எழுதுபவர் படிப்பவரைத் தடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் பழைய பிரதியை வைத்திருக்கிறார்கள். 1986-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் போஸ்ட்கிரெஸ் ஆரம்பித்தபோதே, "மேலே எழுதாதே, பக்கத்தில் எழுது" என்ற எண்ணத்தில்தான் அதன் சேமிப்பு முறை அமைந்தது.

துண்டை எடுப்பது யார்? கண்டக்டர். அவர்தான் "வாக்யூம்". இனி யாருக்கும் தேவைப்படாத செத்த ரெக்கார்டுகளைப் பார்த்து, "இந்த ஸீட் காலி, யாராவது உட்காருங்க" என்று அறிவிப்பார். கவனியுங்கள்: ஸீட்தான் காலியாகும், பஸ் நீளம் குறையாது! புதிய ரெக்கார்டுகள் அந்தக் காலி இடத்தில் வந்து உட்காரும். டேபிள் ஃபைல் அதே அளவில்தான் இருக்கும். பஸ்ஸின் கடைசியில் வரிசையாகச் சில பக்கங்கள் முழுக்கக் காலியாக இருந்தால் மட்டும் அந்த வாலை வெட்டி டிஸ்க்குக்குத் திருப்பித் தருவார்.

"வாக்யூம் ஃபுல்" வேறு சமாசாரம். எல்லாப் பயணிகளையும் இறக்கி வேறொரு சின்ன பஸ்ஸில் ஏற்றுவது அது. முதலில் அந்த இரண்டாவது பஸ் வந்து நிற்க இடம் வேண்டும். (எங்களிடம் இருந்த இரண்டரை ஜிபியில் அது நிற்கவில்லை.) ஏற்றி முடிக்கும்வரை யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. (கவுண்டர் நின்றது இதனால்தான். ஒரு செலக்ட் கூட ஓடாது.) டிஸ்க் நிரம்பிவிட்டது என்று இந்தக் கட்டளையை நாடுகிறோம், ஆனால் டிஸ்க்கில் இடம் இருந்தால்தான் இது ஓடும். வேடிக்கைதான், இல்லையா?

அண்ணன்மார் காலத்துக் கதை

இது ஏதோ புதுசு என்று நினைக்காதீர்கள். எங்கள் துறையில் ஓய்வு பெறப்போகும் சார் ஒருவர் சொன்னார்: "நாங்க டிபேஸ், ஃபாக்ஸ்புரோ படிச்ச காலத்திலயே இதான்ப்பா. டெலிட்னு அடிச்சா ரெக்கார்டு முன்னால ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ரீகால்னு அடிச்சா திரும்பி வந்துடும். பேக்னு அடிச்சாத்தான் நெஜமாவே போகும்." அந்த பேக் கட்டளைக்கும் டேபிளை வேறு யாரும் திறந்திருக்கக் கூடாது. அன்று ஃபாக்ஸ்புரோ படித்தவருக்கு, அழிப்பது ஒரு வேலை, இடத்தை மீட்பது வேறு வேலை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இன்று நமக்கு மூன்று வருஷம் ஆனாலும் தெரிவதில்லை!

மற்ற டேட்டாபேஸ்களும் சளைத்தவை அல்ல. ஆரக்கிளில் "உச்ச நீர்மட்டம்" என்று ஒன்று உண்டு. வெள்ளம் வடிந்த பிறகும் பாலத்துத் தூணில் தண்ணீர் ஏறிய கறை அப்படியே இருக்குமே, அது போல. டேபிள் எதுவரை நிரம்பியதோ அதுவரை ஒரு கோடு. டெலிட் செய்தால் தண்ணீர் வடியும், கோடு இறங்காது. முழு டேபிளையும் படிக்கும்போது அந்தக் கோடு வரை படித்தாக வேண்டும். ஒரு ரெக்கார்டு கூட இல்லாத டேபிளை எண்ணச் சொன்னாலும் நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்! டிரங்கேட் செய்தால் கோடு இறங்கும். ஆரக்கிள் 10ஜி-யிலிருந்து "ஷ்ரிங்க் ஸ்பேஸ்" என்ற வழியும் வந்தது. மை எஸ்.க்யூ.எல்.லின் இன்னோ டி.பி.யில் அழித்த ரெக்கார்டுகளைப் பின்னால் ஒரு துப்புரவுத் தொழிலாளி வந்து நீக்குவார். அந்த இடம் அதே டேபிளுக்குத்தான் பயன்படும். ஃபைல் சிறுக்க வேண்டுமானால் "ஆப்டிமைஸ் டேபிள்" என்று சொல்லி மொத்தமாகத் திரும்பக் கட்ட வேண்டும். செல்போனுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு எஸ்.க்யூ.லைட்டில்கூட இதே கதைதான். அதிலும் ஒரு வாக்யூம் உண்டு.

1970-ல் ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த காட் என்ற கணித அறிஞர்தான் இந்த ரிலேஷனல் முறையையே உலகுக்குத் தந்தவர். தகவலைப் பயன்படுத்துபவர், அது மெஷினுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று கவலைப்படக் கூடாது என்பதுதான் அவருடைய அடிப்படை எண்ணம். அருமையான எண்ணம்! ஆனால் பயன்படுத்துபவர் கவலைப்படாமல் இருக்க வேண்டுமென்றால், வேறு யாரோ ஒருவர் கவலைப்பட்டே ஆக வேண்டும் அல்லவா? அந்த யாரோ ஒருவர்தான் நாளைக்கு வேலைக்குப் போகப்போகும் நாம்.

"டிஸ்க் சல்லிசுதானே?"

இப்படிச் சொல்லும் நண்பர்கள் ஹாஸ்டலில் நிறைய. "நூறு ஜிபி போதலையா, ஐந்நூறு வாங்கிப் போடு. இதுக்குப் போய் ஒரு கட்டுரையா?"

டிஸ்க் சல்லிசுதான். ஆனால் காலிப் பக்கங்களைப் படிக்கும் நேரம் சல்லிசு இல்லை. பத்து பக்கத்தில் இருக்க வேண்டிய ரெக்கார்டு முப்பது பக்கத்தில் சிதறிக் கிடந்தால், முழு டேபிளைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் முப்பது பக்கமும் டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு வர வேண்டும். மெமரியில் உருப்படியான தகவல் இருக்க வேண்டிய இடத்தைச் செத்த ரெக்கார்டு பிடித்துக்கொள்ளும். ஃபைலோடு ஃபைலாக பேக்-அப் எடுத்தால் குப்பைக்கும் சேர்த்து பேக்-அப். பெரிய டிஸ்க் வாங்குவது, வீட்டில் குப்பை சேர்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டையும் வாடகைக்குப் பிடிப்பது மாதிரி. குப்பை அங்கேயும் சேரும்.

இவர்களுக்கு நேர் எதிரான கூட்டமும் ஒன்று உண்டு. தினம் ராத்திரி வாக்யூம் ஃபுல், வாராவாரம் ஷ்ரிங்க் என்று ஒரு பைட் கூட வீணாகக் கூடாது என்பவர்கள். இதுவும் தப்பு என்பேன். இன்று சுருக்கிய டேபிள் நாளை அப்டேட் வந்ததும் மறுபடி வீங்கத்தான் போகிறது. சுருக்க ஒரு உழைப்பு, வளர்க்க ஒரு உழைப்பு. எஸ்.க்யூ.எல். சர்வரில் ஃபைலைச் சுருக்கும்போது பக்கங்களைப் பின்னாலிருந்து முன்னால் தூக்கிப் போடுவதால், வரிசையாக இருந்த இண்டெக்ஸ் கலைந்துபோய் வேகம் குறையும். ஆரக்கிளில் ஒவ்வொரு பக்கத்திலும் 10 சதவீத இடத்தை வளர்ச்சிக்காக விட்டு வைப்பதுதான் வழக்கமான ஏற்பாடு. போஸ்ட்கிரெஸிலும் "ஃபில் ஃபேக்டர்" என்று சொல்லி நாமே இடம் விட்டு வைக்கலாம்; அதே பக்கத்தில் இடம் இருந்தால் அப்டேட்டுக்குப் பல சமயம் இண்டெக்ஸைத் தொடவே வேண்டியிருக்காது. வீட்டுக்கு முன்னால் திண்ணை விடுவது வீணா?

எது வீண்?

என் கருத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது, நண்பர்களே. "வீணாகும் இடம்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று தனித்தனி விஷயங்கள்.

ஒன்று, செத்த ரெக்கார்டு. இது யாருக்கும் பயன்படாது. இதுதான் உண்மையான வீண்.

இரண்டு, காலி இடம். இது வீண் இல்லை. நாளைக்கு வரப்போகும் ரெக்கார்டுக்காகக் காத்திருக்கும் ஸீட்.

மூன்று, பழைய ரெக்கார்டு. தினமும் யாரும் பார்ப்பதில்லை. அதனால் பார்க்கிறவர் கண்ணுக்கு வீண் மாதிரி தெரியும். ஆனால் அது ஒரு மனிதரின் அத்தாட்சி. அது வீண் என்று சொல்லும் உரிமை டிஸ்க் நிரம்பிய பதற்றத்தில் இருக்கும் நமக்குக் கிடையாது.

எங்கள் ஆபீஸில் என்ன செய்தோம்? முதலாவதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதை விரட்டினோம். மூன்றாவதை அழித்தோம்!

டிரெய்னிங் டைரியில் நான் முதல் நாளே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். போஸ்ட்கிரெஸில் பி.ஜி_ஸ்டேட்_யூசர்_டேபிள்ஸ் என்று ஒரு வியூ உண்டு. ஒவ்வொரு டேபிளிலும் உயிருள்ள ரெக்கார்டு எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று அது தோராயமாகக் காட்டும். அர்த்தம் புரியாமலேயே அதைக் காப்பி செய்திருந்தேன்: வசூல் டேபிளில் உயிருள்ளவை 90 லட்சம், செத்தவை 1 கோடியே 70 லட்சம். ஒவ்வொரு ரசீதும் பதிவான பிறகு இரண்டு மூன்று தடவை அப்டேட் ஆகிறது. "சர்வர் ஸ்லோ ஆகுது" என்று எவரோ ஒருவர் எப்போதோ ஆட்டோ வாக்யூமை நிறுத்தி வைத்திருக்கிறார். கண்டக்டர் இல்லாத பஸ்!

அதாவது, ஒரு ரெக்கார்டைக் கூட டெலிட் செய்திருக்க வேண்டியதில்லை. சாதாரண வாக்யூம் ஒன்று போதும். அது ஓடும்போது கவுண்டரும் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் அதே 3 ஜிபிதான் மிச்சம் காட்டியிருக்கும்; ஆனால் டேபிளுக்குள்ளேயே பல ஜிபி காலியாகி, புது ரசீதுகள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். டேபிள் வருஷக்கணக்கில் வளர்ந்தே இருக்காது. எனக்கு இது அன்றைக்குத் தெரியவில்லை. சாருக்கும் தெரியவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை; அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

தையல்காரர்

டிரெய்னிங்கின் கடைசி வாரம். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், ஒரு தையல்காரர் மஞ்சப்பையோடு வந்தார். தையல் மெஷின் வாங்கித் தவணை எல்லாம் கட்டி முடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். பேங்கில் கடன் கேட்டிருக்கிறார். "பாக்கி இல்லை" என்று ஒரு கடிதம் வேண்டும்.

கம்ப்யூட்டரில் அவர் கணக்கு இல்லை. கணக்கு முடிந்த பார்ட்டி அல்லவா? நான்தான் தூக்கிவிட்டேனே! பேக்-அப்பில் தேடலாம் என்றால், அந்த ஃபைல்களைத்தான் வாக்யூம் ஃபுல்லுக்கு இடம் வேண்டும் என்று அழித்துவிட்டோம். "ரசீதெல்லாம் இருக்காய்யா?" என்று கேட்டார்கள். பையைக் கொட்டினார். மனிதர் ஒன்று விடாமல் வைத்திருந்தார். ஆனால் அந்த மெஷின் ரசீது இருக்கிறதே, சூடு பட்டால் எழுத்து வரும் தாள், அது நாளாக ஆக வெளுத்துவிடும். இரண்டு ரசீது வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது.

"அந்த ரெண்டு தவணையைக் கட்டிட்டு லெட்டர் வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். தவணை 1,850 ரூபாய். "நான் கட்டினேன் தம்பி, சத்தியமா கட்டினேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. அங்கே இருந்தவர்களில் சின்னப் பையன் நான்தான், அதனாலோ என்னவோ. பேங்க் காரியம் கெடக் கூடாதே என்று மறுநாள் 3,700 ரூபாய் கொண்டு வந்து கட்டிவிட்டுக் கடிதம் வாங்கிப் போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. "அவர் கணக்கை அழித்தது நான்தான், அவர் மேல் தப்பில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். டிரெய்னிங் சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்க வேண்டுமே என்ற பயம். இடத்தை மிச்சம் பிடித்தது நாங்கள். அதற்கு விலை கொடுத்தது அவர். அந்த 3,700 ரூபாய் இன்னமும் என் கணக்கில் பாக்கிதான்.

முன்கூட்டியே செய்யக்கூடியது

வந்த பின் அடிக்கும் வைத்தியத்தை விட வருமுன் காப்பது மேல். நான் பிறகு படித்தும் ஹாஸ்டலில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவை சில:

1. ஆட்டோ வாக்யூமை நிறுத்தாதீர்கள். அது தொந்தரவு தருகிறது என்றால் அடிக்கடி ஓட விடுங்கள். வழக்கமான ஏற்பாட்டில் டேபிளின் 20 சதவீதமும் மேலே ஒரு 50 ரெக்கார்டும் செத்த பிறகுதான் அது எழுந்து வரும். ஒரு கோடி ரெக்கார்டு டேபிள் என்றால் 20 லட்சத்துக்கு மேல் சாக வேண்டும்! பெரிய டேபிளுக்கு அந்தச் சதவீதத்தைக் குறைத்து வைக்கலாம்.

2. டிரான்ஸாக்ஷனைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பழைய டிரான்ஸாக்ஷன் ஒன்று திறந்திருக்கும்வரை, அதற்குப் பிறகு செத்த ரெக்கார்டுகளை வாக்யூமால் அள்ள முடியாது. அதற்கு அவை இன்னும் தேவைப்படலாம் அல்லவா?

3. காலம் முடிந்த தகவல் நிறைய வரும் என்று தெரிந்தால் மாதம் ஒரு பார்ட்டிஷனாகப் பிரித்து வையுங்கள். போஸ்ட்கிரெஸில் 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இது சுலபம். பழைய மாதத்தைத் தனியே கழற்றி, வேறு இடத்தில் பத்திரப்படுத்தி, சரிபார்த்த பின் டிராப் செய்தால் இடம் உடனே டிஸ்க்குக்குத் திரும்பும். டெலிட்டும் வேண்டாம், வாக்யூமும் வேண்டாம்.

4. காலம் வரிசையைக் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸில் 8 பைட் எண் ஒன்று 8-ன் மடங்கான இடத்தில்தான் உட்காரும். ஒரு பூலியன், ஒரு பிக்இன்ட் என்று மாற்றி மாற்றி மூன்று ஜோடி வைத்தால் 48 பைட். பெரியவை மூன்றும் முன்னால், சின்னவை பின்னால் என்று வைத்தால் 27, ரவுண்டாக 32 பைட். ஒரு கோடி ரெக்கார்டில் 16 கோடி பைட் மிச்சம், காசு செலவில்லாமல்!

5. பெயருக்கு நிலையான நீளம் கொடுக்காதீர்கள். "முருகன்" என்ற பெயர் யு.டி.எஃப்-8 முறையில் 21 பைட். (குறிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி, ஒவ்வொன்றும் 3 பைட்.) அதை 50 எழுத்து கேர் காலத்தில் போட்டால் போஸ்ட்கிரெஸ் 43 வெற்றிடம் சேர்த்து 64 பைட் ஆக்கும். வார்கேர் போதுமே!

6. கடைசியாக, எல்லாவற்றுக்கும் முதலாக: பேக்-அப்பை அதே டிஸ்க்கில் வைக்காதீர்கள். வைத்தால் இடநெருக்கடியில் முதலில் பலியாவது அதுதான்.

நம் லேபுக்கு ஒரு வேண்டுகோள்

நம் டேட்டாபேஸ் லேபில் கிரியேட், இன்ஸர்ட், செலக்ட், அப்டேட், டெலிட் எல்லாம் உண்டு. ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் ஒட்டிக் கையெழுத்தும் வாங்குகிறோம். டெலிட் செய்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு எக்ஸர்சைஸ் கூட இல்லை. குழந்தை பிறந்தது முதல் கல்யாணம் வரை சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டைப் பெருக்கச் சொல்லிக்கொடுக்காத மாதிரி!

ஒரே ஒரு பீரியடில் முடியும் எக்ஸர்சைஸ் இது. ஒரே ஒரு இன்டிஜர் காலம் உள்ள டேபிளில் பத்து லட்சம் ரெக்கார்டு போடுங்கள். அளவைப் பாருங்கள்: 35 எம்பி. (4 பைட் எண்ணுக்கு, தலைப்பு எல்லாம் சேர்த்து 36 பைட் பிடிக்கும் என்பதே ஒரு பாடம்.) ஒற்றைப்படை எண்களை டெலிட் செய்யுங்கள்: 35. வாக்யூம் செய்யுங்கள்: அப்போதும் 35. புதிதாக ஐந்து லட்சம் போடுங்கள்: அப்போதும் 35! காலி ஸீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடி பாதியை அழித்து வாக்யூம் ஃபுல் அடித்துவிட்டு, அது ஓடும்போதே பக்கத்து மெஷினிலிருந்து செலக்ட் அடித்துப் பாருங்கள். அது நிற்கும். முடிந்ததும் அளவு 17, 18 எம்பிக்கு இறங்கியிருக்கும். இந்த ஆறு வரியும் ரெக்கார்டு நோட்டில் இருந்திருந்தால் நான் அந்த டெலிட்டை அடித்திருக்க மாட்டேன்.

ஆகவே துறைத் தலைவர் அவர்களுக்கும் பேரவை நண்பர்களுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள்: வரும் ஆண்டிலிருந்து இதை லேபில் ஒரு எக்ஸர்சைஸாகச் சேர்க்க வேண்டும். பாடத்திட்டத்தில் இடமில்லை என்றால் ஒரு சனிக்கிழமை போதும். ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு நானே வந்து நடத்தித் தரத் தயார்.

நாம் டிப்ளமோ படித்தவர்கள். பெரிய பெரிய டிசைன் எல்லாம் வேறு யாரோ போடுவார்கள். டிஸ்க் நிரம்பிய அன்றைக்கு சர்வர் முன்னால் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம். அன்றைக்கு மேலே இருந்து ஒரு குரல் வரும்: "தம்பி, பழசெல்லாம் தூக்கிடு." அப்போது கையை கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, "சார், ஒரு நிமிஷம். செத்தது எவ்வளவு, உயிரோட இருக்கிறது எவ்வளவுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு தையல்காரரின் இரண்டு தவணை பிழைக்கும்.